ஓரத்தில் போட்ட தேதி

வான் நைஸ், கலிஃபோர்னியா
1988 மார்ச் 9

அன்புள்ள டெசாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம், சாப்பாடு மட்டும் சுமார். பக்கவாதத்தில் விழுந்த பெரியம்மாவின் வலது கை அசையத் தொடங்கிவிட்டதா? ஃபோன் மணி கேட்டாலே அவர் பதறுகிறார் என்றாய். இனிமேல் கடிதம்தான்.

திங்கட்கிழமை எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் ப்ரென்னிமன் நம் திரைக்கதையை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியது. அவருடைய வக்கீல் பல் பிடுங்கப் போய்விட்டார், திங்கட்கிழமை பார்ப்போம் என்றார்கள். எவனோ ஒருவனின் கடைவாய்ப் பல்லால் நாம் இரண்டு பேரும் வெளியே நிற்கிறோம். சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை.

அந்த ஒரு விற்பனை நடந்திருந்தால் சங்கத்தில் சேரத் தேவையான புள்ளி இருவருக்கும் நிறைந்திருக்கும். இப்போது பாதியில் நிற்கிறது. மூன்று வருடத்துக்குள் மீதியைச் சேர்க்காவிட்டால் பழைய புள்ளியும் காலாவதி. நமக்கு அடுத்த வசந்தம் வரைதான் கெடு.

ஸ்டுடியோ வாசலில் நானும் ஒரு மறியல் அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் வாசலுக்குத் தலைவர் கெஸ்லர் என்று ஒரு கிழவர். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் வேலை வாங்குகிறார்.

"நீ மெம்பரா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல காயுற?"

"நாளைக்கு ஆகணும்ல சார்."

மனுஷன் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்க. இந்த நேரத்துல நாங்க எழுதினா அபராதம். உன்ன மாதிரி வெளிய நிக்கிறவன் எழுதினா அபராதமெல்லாம் கெடையாது. கதவச் சாத்திடுவாங்க. ஆயுசுக்கும்."

"ஒரு பக்கம் எழுதினாக்கூடவா?"

"ஒரு வரி எழுதினாக்கூட."

ஆகவே கையைக் கட்டிக்கொண்டிரு. வேலைநிறுத்தம் முடிந்ததும் சங்கத்துக்குள்ளே போவோம், பெரியம்மாவையும் இங்கேயே கூட்டி வந்துவிடுவோம். அவருக்கு என் முத்தம்.

உன் லாசர்

*

பியூட், மொன்டானா
1988 மார்ச் 20

அன்புள்ள லாசருக்கு,

அம்மாவின் கை அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. பாதி எழுத்து குழறுகிறது, திட்டு மட்டும் தெளிவாக விழுகிறது. நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நீ அட்டை தூக்கி நடந்த இடம் வந்ததும் இடது கையால் கட்டிலைத் தட்டினாள். "பாத்தியா, அவங்க பெரியப்பன் ரத்தம்! சும்மாவா போகும்?" ஜன்னலைத் திறக்கச் சொல்லி எதிர்வீட்டு யெலிச் மாமிக்குக் கத்திச் சொன்னாள். அப்பா அதே ரத்தத்தைச் சுரங்கத் தூசியோடு துப்பித்தான் செத்தார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தெருக்கோடி ஹெய்க்கி இருக்கிறானே, சுரங்கத்தைச் சங்கம் இல்லாமல் மறுபடி திறந்தபோது முதல் ஆளாக வேலைக்குப் போனவன். போன வாரம் விடியற்காலையில் வந்து நம் வீட்டு நடைபாதையில் கிடந்த பனியை எல்லாம் வாரி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பாவம், நோயாளி இருக்கிற வீடு என்று செய்திருக்கிறான். அம்மா ஜன்னலில் பார்த்துவிட்டாள்.

"அந்தக் கருங்காலி தொட்ட பாதையில என் பொணம்கூடப் போகாது. அள்ளின பனிய எல்லாம் திருப்பிப் போடு."

"அம்மா, டாக்டர் வரணும்மா."

"டாக்டரு தாண்டி வரட்டும்."

போட்டேன், லாசர். மண்வெட்டியால் பனியை எடுத்துப் பாதையில் கொட்டினேன். நாலு வீட்டுக்காரர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். இந்த ஊரில் அவனுக்கு ஒரு கடையிலும் பீர் ஊற்ற மாட்டார்கள், அவன் பெண்டாட்டியோடு கோயிலில் யாரும் ஒரே வரிசையில் உட்கார மாட்டார்கள். அதனால் உன் கிழவர் சொன்னதை நீ எனக்கு எழுதவே வேண்டியதில்லை. கதவு சாத்துவது என்றால் என்ன என்று இங்கே பிறந்தவளுக்குத் தெரியும்.

ஆனால் சும்மா இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மா தூங்கும்போது டைப்ரைட்டரைத் துடைத்து மூடி வைக்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தபோது நீ ஒடிந்த காட்சி ஒன்றை எழுதிக் கொடுப்பாய், நான் கட்டுப்போட்டுத் திருப்பித் தருவேன், விடிந்துவிடும். யார் எழுதியது என்று பின்னால் சண்டை வரக்கூடாதென்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பெயரின் முதலெழுத்தும் ஊரும் தேதியும் போடுவோமே. அந்தச் சண்டைகூட இப்போது வேண்டியிருக்கிறது.

அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு.

டெசா

*

வான் நைஸ்
1988 ஏப்ரல் 18

அன்புள்ள டெசாவுக்கு,

பெரியம்மா நன்றாகத் திட்டுகிறார் என்றால் நன்றாகவே இருக்கிறார் என்று அர்த்தம். எனக்குத் தடுமன், வேறொன்றுமில்லை.

வாசலில் கூட்டம் குறைந்துவிட்டது. முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது, யார் யாரோ டோனட் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. நேற்று ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, "உன் வீட்ல நேத்து ராத்திரி டைப் அடிக்கிற சத்தம் கேட்டுதாமே?" என்றான். "என் பொண்ணு ஸ்கூல் கட்டுரைடா!" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். கெஸ்லர்தான் நாற்காலியோடு எழுந்து வந்து விலக்கினார்.

ராத்திரியில் ஓட்டலில் கார் நிறுத்தும் வேலைக்குப் போகிறேன். பெரிய ஆட்கள் எல்லாம் வருகிறார்கள். சாவியை என்னிடம் வீசிவிட்டுப் போகிறார்கள்.

நீ பழைய விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, எனக்கும் ஆசை வந்துவிட்டது. இதோ ஒடிந்த காட்சி ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் சின்ன விடுதி. அண்ணன் நடத்துகிறான். தம்பி ஆறு வருடத்துக்கு முன் ஏதோ செய்துவிட்டு ஓடிப்போனவன், திடீரென்று உள்ளே வருகிறான். நாலு பக்கம் இரண்டு பேரும் கத்துகிறார்கள், கண்ணாடி உடைகிறது. செத்த காட்சி. உயிர் கொடு பார்ப்போம். சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.

சீக்கிரம் அனுப்பு. அன்புடன்,

லாசர்

*

பியூட்
1988 ஏப்ரல் 23

அன்புள்ள லாசருக்கு,

தடுமனுக்கு வெந்நீர் குடி, கார் நிறுத்துகிறேன் என்று ராத்திரிப் பனியில் நிற்காதே. இங்கே சுகம். உன் கவர் மத்தியானம் வந்தது, சாயங்காலம் கட்டுப்போட்டு முடித்துவிட்டேன். ரொட்டி கருகிவிட்டது. போகட்டும்.

எவன் எழுதினான் இதை? நீயா? கண்ணாடி உடைப்பதெல்லாம் உன் புத்தி இல்லையே. கத்தினால் கோபம் தீர்ந்துவிடும் லாசர், பார்க்கிறவனுக்குப் பயமே இருக்காது. தம்பி உள்ளே வருகிறான். அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறான். விருந்தினர் பதிவுப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்புகிறான், பேனாவை வைக்கிறான்.

"பேரு?"

அவ்வளவுதான். கூடப்பிறந்தவனைப் பார்த்து, "பேரு?" தம்பி சொல்லுகிறான். "எத்தன ராத்திரி?" தெரியாது என்கிறான். "அட்வான்ஸ் குடுக்கணும்." தம்பி பாக்கெட்டைத் துழாவுகிறான், அண்ணன் காத்திருக்கிறான். ஒரு குரலும் உயரவில்லை. ஒன்றரைப் பக்கம்.

டைப் சத்தம் நின்றதும் உள்ளேயிருந்து அம்மா, "ஏன்டி நிறுத்திட்ட? அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடுது" என்றாள். எழுதினதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிகாரன் என்ன செஞ்சான்னு சொல்லவே இல்லயே" என்றாள். எனக்கும் தெரியாதும்மா என்றேன். தெரிந்தால் எழுது.

பக்கங்கள் இதோடு. ஓரத்தில் வழக்கம்போல முதலெழுத்து, ஊர், தேதி எல்லாம் போட்டிருக்கிறேன், பிறகு நான்தான் எழுதினேன் என்று நீ ஆடக்கூடாது. ப்ரென்னிமன் என்ன ஆனார்? நம்மை ஞாபகம் வைத்திருக்கிறாரா? ஓட்டலுக்கு வருவாரா?

இன்னும் ஒடிந்தது இருந்தால் அனுப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

டெசா

*

வான் நைஸ்
1988 மே 2

அன்புள்ள டெசாவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். தடுமன் போய்விட்டது.

"பேரு?" படித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள்ளே நடந்தேன். நீ ராட்சசி. கீழ்வீட்டுக்காரன் குச்சியால் கூரையைத் தட்டினான், அவ்வளவு நடை.

இதோ இன்னும் மூன்று. மாலைக் கல்லூரி ஒன்றில் எழுத்து வகுப்பு எடுக்கும் ஒருவரைப் பழக்கம் பிடித்தேன், மாணவர்களுக்குப் பயிற்சிக்காக அவர் வைத்திருக்கிற காட்சிகள் இவை. நீ சரிசெய்து அனுப்பினால் அவர்களுக்கும் பாடமாக இருக்கும். ஆள்களின் பெயர் மாறியிருக்கும், கண்டுகொள்ளாதே.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்தால் நல்லது. வகுப்பு இருக்கிறது.

பெரியம்மாவுக்கு உடம்பு எப்படி என்று எழுது. வாசலில் இன்றைக்கு எழுபது பேர் இருந்தால் அதிகம். கெஸ்லருக்கு முட்டி வீங்கிவிட்டது.

லாசர்

*

பியூட்
1988 ஜூன் 15

அன்புள்ள லாசருக்கு,

மே மாதம் மூன்று, பிறகு ஐந்து, இப்போது இந்த உறையில் ஏழு. மொத்தக் கதைக்கும் கட்டுப்போட்டாகிவிட்டது போலிருக்கிறதே. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, விரல்தான் வலிக்கிறது. அம்மாவுக்குப் போன வாரம் இன்னொரு தடவை வாதம் வந்துவிட்டது. இந்தத் தடவை கால். டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னதை உனக்கு எழுத வேண்டியதில்லை, நீயே புரிந்துகொள்வாய்.

ஒன்று சொல்ல வேண்டும். பெயர் மாறியிருக்கிறது, சரி. விடுதி அதே விடுதிதான். பதிவுப் புத்தகம் ஏழாவது காட்சியில் மறுபடி வருகிறது, நான் போட்ட இடத்திலேயே. எந்த வகுப்பு மாணவன் ஒரே கதையை இப்படி வரிசையாக ஒடிப்பான்? இது யாரோ ஒருவருடைய முழுத் திரைக்கதை. யாருடையது என்று கேட்டு எழுதினேன், அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கேட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயமாக இருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி முடித்துவிட்டு அந்த மேஜைக்கு வரும்போதுதான் நான் மனுஷியாக இருக்கிறேன். ஆகவே கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். தப்பாக ஒன்றுமில்லை என்று மட்டும் ஒரு வரி எழுது, போதும்.

ப்ரென்னிமனைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே போடவில்லை.

யெலிச் மாமி நேற்று வந்தாள். அம்மா அவளிடம், "எம்மவளும் அவனும் சங்கத்துல சேரப் போறாங்க. எங்க வீட்ல சங்கம் இல்லாத தலமொறையே கெடையாது" என்று சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கினாள். அவளுக்கு இனி வேறு எதுவும் வேண்டாமாம். நான் உள்ளே போகும்வரை இருந்தால் போதுமாம்.

பக்கங்கள் உள்ளே இருக்கின்றன, தேதியோடு. அந்த ஒரு வரியை மறக்காதே.

டெசா

*

வான் நைஸ்
1988 ஆகஸ்ட் 12

அன்புள்ள டெசாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஜூலையில் எழுத முடியவில்லை. வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, பேப்பரில் பார்த்திருப்பாய். கெஸ்லர் அழுதார், ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. ப்ரென்னிமன் கூப்பிட்டார். தயாராகிக்கொண்டிருக்கும் ஒரு படத்தின் திரைக்கதைக்கு மேல்பூச்சு வேலை, முறையான ஒப்பந்தம். என் புள்ளி நிறைந்துவிடும். நான் உள்ளே போய்விட்டால் உன்னை இழுப்பது கஷ்டமில்லை. உன் பெயரையும் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். விவரமாகப் பிறகு.

லாசர்

*

பியூட்
1988 செப்டம்பர் 27

லாசர்,

அம்மா படுக்கையோடுதான். நான் நன்றாக இல்லை.

சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. வேலைநிறுத்த காலத்தில் ப்ரென்னிமன் நிறுவனத்துக்கு நான் திரைக்கதை எழுதிக் கொடுத்தேனாம். அந்த விடுதிக் கதையை முதலில் எழுதினவர் சங்க உறுப்பினர். வேலைநிறுத்தம் தொடங்கின அன்றைக்கே, எல்லோரையும்போல, எழுதின வரைக்கும் ஒரு நகலைச் சங்கத்தில் ஒப்படைத்திருக்கிறார். இப்போது படம் எடுக்கிற பிரதியைப் பார்த்தால் பாதி அவருடையது இல்லை. புகார் கொடுத்துவிட்டார். சங்கம் ப்ரென்னிமனின் அலுவலகத்தில் இருந்த பக்கங்களை வாங்கிவிட்டது. நகலை இந்த உறையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் டெ.ரா., பியூட், ஏப்ரல் 23. டெ.ரா., பியூட், மே 9. என் கையாலேயே தேதி போட்டிருக்கிறேன் லாசர், ஒரு நாள் விடாமல்.

முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அவர்களே முடிவெடுத்துவிடுவார்களாம்.

நீ என்ன செய்தாய், யாருக்காகச் செய்தாய் என்று இப்போது நான் கேட்கவில்லை. அதற்கெல்லாம் பிறகு உன் காதைத் திருகுவேன். நீ நேரே சங்கத்தின் விசாரணைக் கமிட்டிக்குப் போ. அவளுக்குத் தெரியாது, விளையாட்டு என்று நான்தான் சொன்னேன், அவளிடம் வாங்கிக் கொடுத்தவன் நான் என்று சொல். உனக்கும் அடி விழும், தெரியும். ஆனால் நடந்தது அதுதானே.

தபால்காரன் கையெழுத்து வாங்கும்போது அம்மா முழித்துக்கொண்டிருந்தாள். உறையில் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

"வந்துருச்சா?" என்றாள்.

உறையைக் கையில் திருப்பினேன்.

"சேத்துக்கிட்டாங்களாடி?"

"சேத்துக்கிட்டாங்கம்மா."

அம்மா அழுதாள். கையும் காலும் வராதவள், என்னை வால்நட் ரொட்டி சுடச் சொல்லித் தெரு முழுக்கக் கொடுக்க வைத்தாள். சுட்டேன், கொடுத்தேன். ஹெய்க்கி வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். இந்தப் பொய்யை நீ பொய்யாக விட்டுவிடக்கூடாது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

டெசா

*

வான் நைஸ்
1988 அக்டோபர் 3

அன்புள்ள டெசா,

கடிதம் பார்த்துப் பதறிவிட்டேன். நீ நிதானமாக இரு, முதலில் உன் உடம்பைப் பார்.

எனக்குத் தெரிந்த வக்கீலைக் கேட்டுவிட்டேன். நீ ஒரு வரிகூடப் பதில் எழுதாதே. எழுதினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலைநிறுத்தம் முடிந்ததும் சங்கம் இப்படி நூறு பேருக்குக் கடிதம் போடும், பிறகு அவர்களே மறந்துவிடுவார்கள். நீ மெம்பரே இல்லை, உன்னை என்ன செய்ய முடியும்? இங்கே ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்மேல் நம்பிக்கை இருக்கிறதல்லவா?

பெரியம்மாவிடம் நீ சொன்னது நல்லதுதான். சந்தோஷமாக இருக்கட்டும்.

லாசர்

*

பியூட்
1988 நவம்பர் 16

லாசர்,

முடிவு வந்துவிட்டது. என்னை எக்காலத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடவே நீ சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல். பக்கங்களை நானே ப்ரென்னிமனுக்கு நேராக அனுப்பியதாகவும், உனக்கு எதுவும் தெரியாதென்றும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட தேதி செப்டம்பர் 19. பதில் எழுதாதே என்று எனக்கு நீ எழுதியது அக்டோபர் 3.

அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

டெசா

*

வான் நைஸ்
1989 ஜனவரி 10

அன்புள்ள டெசா,

பெரியம்மா போன செய்தி கிடைத்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லை, படப்பிடிப்பு. பூ வந்து சேர்ந்ததா? அவர் கடைசிவரை சந்தோஷமாக இருந்தார் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

உன் நவம்பர்க் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பலமுறை உட்கார்ந்து எழுந்தேன். நீ நினைக்கிற மாதிரி இல்லை. கமிட்டியில் நாலு பேர் எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது உனக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நடந்ததற்கு எல்லாம் மன்னித்துக்கொள், டெசா. உண்மையாகவே வருத்தப்படுகிறேன். மன்னித்துக்கொள்.

இப்போது ஒன்று. விடுதிப் படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி எடுக்கப் போகிறார்கள். தம்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிற இடம். எடுத்ததைப் போட்டுக் காட்டியபோது தியேட்டரில் ஆட்கள் இருமினார்கள், அதற்குப் பிறகு எட்டு விதமாக மாற்றி எழுதிவிட்டேன். ப்ரென்னிமன் முகத்தைச் சுளிக்கிறார். இது போய்விட்டால் நானும் போய்விடுவேன். காட்சி இதோடு இருக்கிறது, கட்டுப்போட்டுத் தருவாயா? வருகிறதில் உனக்குச் சரிபாதி. ஓரத்தில் தேதி மட்டும் வேண்டாம்.

ஈஸ்டருக்கு வருகிறேன். நேரில் பேசுவோம்.

என்றும் உன் லாசர்

*

பியூட்
1989 ஜனவரி 22

லாசர்,

பூ வந்தது. பெரிய பூ. யெலிச் மாமி கார்டைப் படித்துவிட்டு, "தங்கமான பையன்" என்றாள்.

அடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், நீ வரவில்லையே. அப்பாவோடு வேலை பார்த்த கிழவர்கள் எல்லாம் கோட்டில் பழைய சங்க பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நம் வழக்கப்படி கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை போட்டு நான்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். அனுதாபத்துக்கு என்று நினைத்தேன். முதல் ஆள், "கேள்விப்பட்டோம்மா. சங்கத்துல சேந்துட்டியாம். உங்கப்பன் மக!" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அம்மா பேச்சு நிற்கிற வரைக்கும் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். முப்பது கையாவது குலுக்கியிருப்பேன். ஒருவர் தன் பேட்ஜைக் கழற்றி என் கோட்டில் குத்தினார். நான் நன்றி சொன்னேன், லாசர். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். என் வாய் அழுகிப்போகும் என்று நினைத்தேன்.

ஹெய்க்கி கோயிலுக்கு வெளியே, மதில் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். கல்லறைக்குப் போகிற பாதையில் பனியை அவன்தான் ராத்திரியே வந்து வாரியிருக்கிறான். அந்தக் கருங்காலி தொட்ட பாதையில் என் பிணம்கூடப் போகாது என்று சொன்னவள் அந்தப் பாதையில்தான் போனாள், யாருக்கும் தெரியாது. பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"இங்க நிக்காதம்மா, பாப்பாங்க" என்றான்.

"பாக்கட்டும்" என்றேன். வேறு எங்கே நிற்பதற்கும் எனக்கு உரிமை இல்லை. அது அவனுக்குத் தெரியாது. கோதுமைக் கிண்ணத்தை அவனிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். சலவைக்காரன் சீட்டைக்கூடத் திருப்பி டைப் அடித்து வைக்கிறவன் நீ. என் பக்கங்களை மட்டும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். திருப்பி அடிக்கச் சோம்பல் என்றால் ஓரத்தையாவது கிழித்திருக்கலாம். இரண்டு விரல் அகலம். கிழித்திருந்தால் அது யாருடைய பக்கமும் இல்லை. கிழிக்காமல் விட்டது சோம்பலா, இல்லை, மாட்டிக்கொண்டால் காட்டுவதற்கு என் பெயர் இருக்கட்டும் என்ற யோசனையா? ராத்திரியெல்லாம் இதைத்தான் யோசிக்கிறேன். சோம்பல் என்று நினைக்கத்தான் ஆசை. நினைக்க முடியவில்லை. உன்னை வெறுக்கிறேன், லாசர். ஒன்றாக வளர்ந்த ஒருவனைப் பற்றி இப்படி எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் காட்சியைப் படித்தேன். படிக்கக்கூடாது என்று இரண்டு நாள் மேஜைமேலேயே போட்டு வைத்திருந்தேன், முடியவில்லை. எங்கே ஒடிந்திருக்கிறது என்று படித்தவுடன் தெரிந்துவிட்டது. அம்மா ஏப்ரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தம்பி நாலு தடவை மன்னிப்புக் கேட்கிறான், என்ன செய்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நடந்ததற்கு எல்லாம் மன்னித்துக்கொள் என்கிறான். எவன் நம்புவான்? இருமத்தான் செய்வார்கள்.

கட்டுப்போடத் தெரியும். டைப்ரைட்டரில் தாளைக்கூட ஏற்றிவிட்டேன். அப்புறம் உருவி எடுத்து அடுப்பில் போட்டேன்.

ஈஸ்டருக்கு வா. வராதே என்று சொல்ல மாட்டேன். கதவைத் தட்டு. நான் வந்து திறப்பேன், உன்னைப் பார்த்து "பேரு?" என்று கேட்பேன். சொல். எதற்கு வந்தாய் என்று கேட்பேன். வாசலிலேயே நின்று, எதிர்வீட்டு ஜன்னலுக்கும் தெருக்கோடி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் 19 வரை நீ என்னென்ன செய்தாய் என்று சொல். நான் காத்திருப்பேன்.

அந்தக் காட்சியை நீயேதான் எழுத வேண்டும்.

டெ.ரா.,
பியூட், ஜனவரி 22